டைனோசரை வரையாதீங்க சாமி!

"குட்டிக் கதையா? புரியலையா? காமிக்ஸா போட்டுட்டா புரிஞ்சிடும்." இந்த வசனத்தை இன்னொரு தடவை யாராவது சொன்னா நான் அழுதுடுவேன். காமிக்ஸ் என்ன கோனார் நோட்ஸா?

இதுக்கு நேர் எதிர்ல இன்னொரு கோஷ்டி இருக்கு. "பூடகமான கதையைப் படமா வரைஞ்சா செத்துடும், தொடாதே" என்று காவல் காக்கிற இலக்கிய கோஷ்டி. இந்தப் பதிவு ரெண்டு கோஷ்டிக்கும் சேர்த்துத்தான். படம்னா எல்லாத்தையும் காட்டியே தீரணும் என்று ரெண்டு பேருமே நம்புறாங்க. அது சுத்தப் பொய்.

அகஸ்டோ மாண்டெரோசோவை எடுத்துக்குவோம். குவாத்தமாலா எழுத்தாளர், மெக்சிகோவில் வாழ்ந்தவர். 1959-ல் புத்தகத்தில் வந்த அவருடைய 'டைனோசர்' கதை ஸ்பானிய மொழியில் மொத்தமே ஏழு சொற்கள். யாரோ விழிக்கிறார்கள். டைனோசர் இன்னும் போகவில்லை. அவ்வளவுதான் கதை.

விழித்தது யாரு? ஸ்பானிய வினைச்சொல் ஆணா பெண்ணா என்று சொல்லாது. ஆங்கிலத்துக்குப் போனா பெரும்பாலும் ஒரு 'அவன்' வந்து உட்கார்ந்துக்கறான். தமிழ்ல 'விழித்தான்' என்றோ 'விழித்தாள்' என்றோ எழுதினா கதை காலி. 'விழித்தபோது' என்று எழுதினா தப்பிச்சோம்! அதுல திணையும் இல்லை, பாலும் இல்லை. விழிச்சதே அந்த டைனோசர்தான்னுகூட வாசிக்கலாம். ஆக, மொழிக்குள்ள ஒளிஞ்சுக்க ஒரு இடம் இருக்கு, தேடினாத்தான் கிடைக்கும். காமிக்ஸுக்குள்ளயும் அப்படி இடம் உண்டு.

ஆனா நம்ம ஆளு என்ன வரைவார்? கட்டில், பைஜாமா போட்ட ஒரு ஆம்பிளை, ஜன்னலுக்கு வெளியே பல்லைக் காட்டுற பச்சை டைரனோசரஸ். ஜோலி முடிஞ்சுது. மெக்சிகோவில் பி.ஆர்.ஐ. கட்சியின் பழைய பெருந்தலைகளை 'டைனோசர்'னுதான் கிண்டல் பண்ணுவாங்க. 71 வருஷம் ஆண்ட கட்சி 2000-ல் தோத்து, 2012-ல் திரும்ப ஆட்சிக்கு வந்தப்போ இந்தக் கதை அங்கே அரசியல் நக்கலாவே ஓடுச்சு. அந்தப் பச்சை மிருகத்துக்குள்ள இந்த வாசிப்பு எப்படிங்க நுழையும்?

"பாத்தியா, அதான் வரையாதேன்னோம்" என்று இலக்கிய கோஷ்டி இப்போ துள்ளும். இருங்க, உங்களுக்கும் இருக்கு.

1915 அக்டோபர்ல காஃப்கா தன் பதிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். 'உருமாற்றம்' புத்தகத்துக்கு ஓவியர் ஓட்டோமார் ஸ்டார்க்கே அந்தப் பூச்சியையே வரைஞ்சிடுவாரோ என்று மனுஷனுக்கு ஒரே பதற்றம். வேண்டவே வேண்டாம், தூரத்தில்கூடக் காட்டக்கூடாது என்று கெஞ்சினார். எல்லாரும் இதோட மேற்கோளை நிறுத்திக்குவாங்க. அதே கடிதத்துல, வேற என்ன வரையலாம் என்றும் அவரே சொல்றார்: வெளிச்சமான அறையில் பெற்றோரும் தங்கையும், பக்கத்து இருட்டறைக்குத் திறந்து கிடக்கும் கதவு. கடைசியில் அட்டையில் வந்தது, முகத்தைக் கையால் பொத்திக்கிட்டு நிற்கிற ஒரு ஆள், பின்னால் திறந்த கதவு, உள்ளே இருட்டு. காஃப்கா படத்துக்கு எதிரி இல்லை சாமி. அவரே வரையுவார், அந்த ஓவியங்கள் 2021-ல் புத்தகமாவே வந்தாச்சு. பதில் சொல்லிடுற படத்துக்குத்தான் அவர் எதிரி.

காமிக்ஸில் அந்த இருட்டறை எங்கே இருக்கு? கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் உள்ள வெள்ளை இடைவெளியில். ஸ்காட் மெக்லவுட் 1993-லயே இதை வரைஞ்சு காட்டிட்டார். ஒரு கட்டத்தில் ஓங்கிய கோடாலி, அடுத்த கட்டத்தில் இரவு நகரமும் ஒரு அலறலும். வெட்டினது யாரு? வாசகர்தான். முத்து, லயன் படிச்சு வளர்ந்த நமக்கு இந்த இடைவெளியில் எத்தனை கொலை பழக்கம்!

மாண்டெரோசோ கதையின் உயிர் 'இன்னும்' என்கிற சொல். ஒற்றை ஓவியத்தில் 'இன்னும்' என்பதை வரையறது ரொம்பக் கஷ்டம். காமிக்ஸுக்கு அது சுலபம். சுவரில் ஒரு நிழல், நடுவில் ஒரு கறுப்புக் கட்டம், திரும்ப அதே நிழல் அதே இடத்தில். எதோட நிழல்னு சொல்லாதீங்க, யாரோட கண் வழியா பார்க்கிறோம்னும் சொல்லாதீங்க. முடிஞ்சுது.

அதுக்காக எல்லாத்தையும் புகைமூட்டமா தீட்டிட்டு "இது பூடகம்"னு ஜல்லியடிக்கவும் கூடாது. பூடகம் வேற, மங்கல் வேற. காஃப்காவின் ஒரு பத்திக் கதை ஒண்ணு இருக்கு. 'ஒரு விளக்கவுரை' என்று அவர் வச்ச பேரை நண்பர் மாக்ஸ் பிராட் 'விட்டுவிடு' என்று மாத்தினார். ரயில் நிலையத்துக்குப் போகிறவன், காலித் தெரு, கோபுரக் கடிகாரம், கைக்கடிகாரம், வழி கேட்டால் சிரிக்கிற போலீஸ்காரர். அத்தனையும் பளிச்சுன்னு இருக்கு. அதனாலதான் பயமா இருக்கு. அந்தக் கடிகாரத்தை முள் பிசகாம வரையுங்க. கடைசியில் போலீஸ்காரர் திரும்பிக்கும்போது முதுகை மட்டும் வரையுங்க. சிரிக்கிறாரா இல்லையா என்பதை வாசகர் பார்த்துக்கட்டும்.

ஒரே பதிப்பில் மனசு ஆறலையா? மாட் மேடன் 2005-ல் ஒரு பக்கச் சாதாரணச் சம்பவத்தை 99 விதமா வரைஞ்சார். ஒரு ஆள் எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறக்கிறான், எதுக்கு வந்தோம்னு மறந்துடறான். அவ்வளவுதான் மேட்டரு. ஏழு சொல் கதைக்கு மூணு விதமாவது வரைஞ்சு பக்கத்து பக்கத்துல போடுங்களேன், எது சரின்னு சொல்லாம.

எழுதினவர் வேணும்னே விட்டுட்டுப் போன ஓட்டையை சிமெண்ட் வச்சு அடைக்கிறது உதவி இல்லை, வாசகருக்கு மூளை இல்லைன்னு சொல்றது. கோபம் வந்தா பின்னூட்டத்துல வந்து கும்முங்க. வரையத் தெரிஞ்சவங்க வரைஞ்சு காட்டுங்க.