பெயரில்லாப் பட்டறை

சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டியில் உளியோசை கேட்கும் தெருக்கள் உண்டு. அத்தெருக்களில் வாகை மரம் யாளியாகிறது, குதிரையாகிறது, பிள்ளையாராகிறது, பெருவீடுகளின் வாயிலை அணிசெய்யும் பலகையாகிறது. தம்மம்பட்டி மரச்சிற்பத்திற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. ஆயினும், அச்சிற்பத்தை வாங்கிக் கூடத்தில் வைத்திருப்பவரிடம், ‘இதைச் செதுக்கியவர் யார்?’ என்று கேட்டால் விடை வருமா? விற்ற நகரத்துக் கடையின் பெயர் அவருக்குத் தெரியும். செதுக்கிய கையின் பெயர் தெரியாது.

புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காக்கும். தனியொரு பட்டறையின் பெயரை உலகறியச் செய்யாது. அதனைச் செய்ய வேண்டியவர் பட்டறைக்கு உரியவரே. பெயரில்லாதவன் விலை பேச இயலாது. விலை பேச இயலாதவனின் மகன் உளியை எடுக்க மாட்டான். கைத்தொழில் அழிவது இவ்வாறுதான்.

தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகையில் தமிழே முதலில் இருத்தல் வேண்டும்; பிறமொழி அதன்கீழ் வரலாம் என்பது விதி. இற்றைநாளில் வாங்குவோர் கடைத்தெருவிற்கு வருமுன் இணையத்தில் தேடுகின்றனர். எனவே இணையத்தளமே இன்றைய பெயர்ப்பலகை. தெருப்பலகையில் தமிழுக்காகப் போராடிய இனம், உலகப்பலகையை வெறுமையாக விட்டுவைப்பது அறிவுடைமையா?

‘பெரு நிறுவனங்களின் விற்பனைத் தளங்களில் படம் போட்டால் போதாதா?’ என்பர் சிலர். அஃது அடுத்தவன் திண்ணையில் கடை விரிப்பது போன்றது. திண்ணைக்குரியவன் தரகு கேட்பான், விதியை மாற்றுவான், ஒருநாள் எழுந்து போகவும் சொல்வான். சொந்தத் தளமோ சொந்த மனை. அங்கே மரத்தின் பெயர், சிற்பத்தின் உயரம், செதுக்கப் பிடித்த நாள்கள், விலை, அனுப்பும் முறை, செதுக்கியவர் பெயர் ஆகிய அனைத்தையும் எழுதி வைக்கலாம். வாங்குபவர் இடையில் ஒருவரின்றி நேரே பேசலாம்.

‘ஆங்கிலம் இன்றி வணிகம் நடக்குமா?’ என்பர் வேறு சிலர். ஆங்கிலத்தை யார் தடுத்தார்? அயலார்க்கு அதுவும் இருக்கட்டும். தமிழின் கீழ் இருக்கட்டும். உளி, கொட்டாப்புளி, இழைப்புளி என்று பட்டறையில் புழங்கும் சொற்களை விட்டு, அயற்சொற்களால் மட்டும் தொழிலை விளக்கினால், பொருளோடு மொழியும் விலைபோகும்.

தமிழ் இணையத்திற்கு ஏலாது என்னும் பொய் என்றோ உடைந்தது. 1999இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாடு பொதுவான விசைப்பலகைக்கு வழிகோலியது. முகவரியின் ஈற்றிலேயே ‘.இலங்கை’ எனவும் ‘.சிங்கப்பூர்’ எனவும் ‘.இந்தியா’ எனவும் தமிழில் எழுதும் உரிமை 2010, 2011ஆம் ஆண்டுகளில் ஏற்கப்பட்டது. கதவு திறந்தே கிடக்கிறது, நுழைவார்தாம் இல்லை.

தனியொருவர்க்குச் செலவு மிகுதியெனில் பத்துப் பட்டறையினர் கூடி ஒரு தளம் அமைக்கட்டும். ஒவ்வொருவர் பெயரும் அதில் தனித்து நிற்கட்டும். கணினி கற்ற ஊர் இளைஞர் அதற்குத் துணை நிற்கட்டும். அதுவே மொழிப்பணி, அதுவே தொழிற்பணி.

மரத்தில் உயிரைச் செதுக்கத் தெரிந்தவனுக்குத் தன் பெயரைச் செதுக்கத் தெரியாதா? தம்மம்பட்டிச் சிற்பியே, உன் பெயரை உன் மொழியில் உலகின் வாயிலில் செதுக்கு!