துருப்பிடிச்ச நட்டுக்கு அவசரம் ஆகாது

பழைய வண்டி வச்சிருக்கிறவனைப் பார்த்தா, டவுன்ல இருக்கிற சொந்தக்காரங்க எல்லாரும் சொல்றது ஒண்ணுதான். "இதை இன்னுமா வச்சிருக்கீங்க? காயலான் கடைக்குப் போட்டுட்டுப் புதுசு எடுங்க." ஆனா நான் பார்த்த வரைக்கும் வண்டி பழசானதால மட்டும் காயலான் கடைக்குப் போறதில்லைங்க. சின்ன வேலையை அவசரப்பட்டு செஞ்சு, அது பெரிய செலவாகி, "இனி இதுக்குக் காசு போட முடியாது"ன்னு சலிச்சுப் போய்த்தான் பல வண்டி போகுது.

அப்படிப்பட்ட சின்ன வேலைகள்ல ஒண்ணு, புகை போற பாதையில இருக்கிற நட்டைக் கழட்டறது.

எங்ககிட்ட ஒரு பழைய டாடா 407 இருக்கு. ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி, முருங்கை ஏத்திட்டுப் போகும். திரும்பி வரும்போது உர மூட்டை வரும். எஞ்சின் ஹெட்டுல இருந்து புகையை வாங்கி சைலன்சர் பைப்புக்கு அனுப்பற வார்ப்பிரும்புத் துண்டுக்கு மேனிஃபோல்டுன்னு பேரு. ஹெட்டுல ஸ்டட் முறுக்கி இருக்கும். அது மேல மேனிஃபோல்டை வச்சு நட்டுப் போட்டு இறுக்கி இருப்பாங்க.

வண்டியில மத்த நட்டை விட இது சீக்கிரம் துருப்பிடிக்கும். ஓடற சூட்டுல பெயிண்ட்டும் எண்ணெயும் கருகிப் போயிடும். வெறும் இரும்பு. ராத்திரி ஆறினதும் ஈரம் உட்காரும். கிராமத்து வண்டின்னா சேறு, சாணி, உரத்தூசி எல்லாம் சேரும். உரத்துல இருக்கிற உப்பு இரும்பை அரிச்சுடும். வருசக் கணக்குல இப்படியே சூடாகி, ஆறி, நட்டும் ஸ்டட்டும் ஒரே இரும்பு மாதிரி ஒட்டிக்கும்.

சரி, அதை ஏன் தொடணும்னு கேக்கலாம். நடுவுல இருக்கிற கேஸ்கட் எரிஞ்சா புகை கசியும். "பட் பட்"னு சத்தம் வரும், மேனிஃபோல்டு ஓரத்துல கரி படியும். சத்தத்தைப் பொறுத்துக்கலாம். ஆனா அந்தப் புகை கேபினுக்குள்ள வந்தா அதுல கார்பன் மோனாக்சைடும் இருக்கும். அதுக்கு வாடை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. விடியக்காலம் பனிக்குக் கண்ணாடியை ஏத்தி விட்டுட்டு மூணு பேர் உட்கார்ந்து போற கேபின் அது. தள்ளிப் போடற வேலை இல்லைங்க.

இந்த வேலையை ரெண்டு விதமா செய்யறாங்க. ஒருத்தர் ஸ்பேனர்ல நீளமா பைப்பைச் சொருகி ஒரே இழுப்பு இழுப்பார். நட்டு வரலாம். இல்லாட்டி ஸ்டட் ஹெட்டுக்குள்ளயே முறிஞ்சு நிக்கும். முறிஞ்சா, மிச்சத் துண்டு மேல நட்டை வெல்டிங் வச்சுத் திருகிப் பார்க்கணும். அதுக்கும் வரலேன்னா நட்ட நடு மையத்துல துளை போட்டு எடுக்கணும். கை எட்டாத இடமா இருந்தா ஹெட்டையே இறக்கி லேத்துக்குக் கொண்டு போகணும், ஹெட் கேஸ்கட் புதுசு வாங்கணும். அரை நாள் வேலை நாலு நாள் ஆகும்.

இன்னொருத்தர் முதல் நாள் சாயங்காலமே வண்டியை வாங்கிக்குவார். கம்பி பிரஷ் போட்டு மரையைச் சுத்தம் பண்ணுவார். துரு இளக்குற ஆயில் விட்டு, எண்ணெய் உள்ளே இறங்க நட்டை லேசா தட்டுவார். ராத்திரி பூரா ஊறும். காலையில ஆறு பட்டை சாக்கெட்தான் போடுவார், பன்னெண்டு பட்டை போட்டா நட்டு மூலை மழுங்கிடும். முதல்ல இறுக்கற பக்கம் ஒரு பொட்டு அசைச்சுட்டு அப்புறம் கழட்டுவார். கால் சுத்து வந்தா திரும்ப உள்ளே விட்டு, எண்ணெய் விட்டு, மறுபடி வெளியே. அதுக்கும் மசியலேன்னா எண்ணெயை நல்லாத் துடைச்சுட்டு, டீசல் டியூபைத் தகரம் வச்சு மறைச்சுட்டு, கேஸ்ல நட்டை மட்டும் சுட வைப்பார். நட்டு விரிஞ்சு துருப்பிடியை விடும். கடைசி வழி, உளி வச்சு நட்டைப் பிளக்கறது. நட்டுப் போனா சில்லறைக் காசு. ஸ்டட் தப்பிச்சுதே, அதுதான் கணக்கு.

இப்ப என் ஆதங்கத்துக்கு வர்றேன். ரெண்டு பேர்ல யாருக்கு நாம அதிகமாக் காசு குடுக்கறோம்? முறிச்சவருக்குத்தான். அவர் பில்லுல வெல்டிங், லேத்து, ஹெட் கேஸ்கட், நாலு நாள் கூலின்னு வரிசையா இருக்கும், நாமளும் மறு பேச்சுப் பேசாமக் குடுத்துடறோம். முறிக்காம எடுத்தவர்கிட்ட, "எட்டு நட்டுக் கழட்ட இவ்வளவா?"ன்னு பேரம் பேசறோம். ஊற வச்சுக் காத்திருந்ததுக்கு பில்லுல ஒரு வரியும் கிடையாது. அவருக்கும் ஷெட் வாடகை இருக்கு, வீடு இருக்கு. பொறுமையாச் செஞ்சா நட்டம்னு நாமதான் கத்துக் குடுக்கறோம். பக்கத்துல நின்னு பார்க்கிற பையன் அந்தப் பைப்பைத்தான் கத்துக்குவான்.

எல்லாப் பழைய வண்டியையும் காப்பாத்தணும்னு சொல்லலைங்க. சேஸ் ஓட்டை விழுந்த வண்டி, சரி பண்ணியும் கரும்புகை தள்ளுற வண்டி ரோட்டுக்கு வரவே கூடாது. ஆனா நல்லா ஓடற எஞ்சினை ஒரு விரல் நீளத் துருப்பிடிச்ச ஸ்டட்டுக்காகச் சாகவிடறது நியாயம் இல்லை.

உங்க ஊர்ல ஸ்கூட்டரோ காரோ, கணக்கு இதேதான். ஒரு நாள் முன்னாடியே வண்டியை விடுங்க. மணிக்கொரு தரம் போன் போடாதீங்க. வேலைக்கு இவ்வளவுன்னு இல்லாம, நாள் கூலி பேசுங்க. விதை நெல்லை ஊற வைக்கிற நேரத்தை யாரும் வீண்னு சொல்றதில்லையே.

திரும்ப மாட்டும்போது கேஸ்கட் புதுசு போடச் சொல்லுங்க. அளவும் மரையும் சரியா இருக்கிற பித்தளை நட்டுக் கிடைச்சா அதைக் கேளுங்க, இரும்பு மாதிரி ஸ்டட்டோட ஒட்டிக்காது. மரையில செம்பு கிரீஸ் தடவச் சொல்லுங்க, சாதா கிரீஸ் அந்தச் சூட்டுல கருகிடும். நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி இறுக்கணும். இதெல்லாம் இன்னைக்கு வண்டி ஓட இல்லைங்க. அஞ்சு வருசம் கழிச்சு அதைக் கழட்டப் போறவருக்காக.