மூலிகைதானே என்று...

திருவனந்தபுரம் சாலை பஜாரின் மருந்துக் கடைகளில் சதாவரி என்று கேட்டால் கிடைப்பது, தமிழர்களின் தண்ணீர்விட்டான் கிழங்குதான். நாற்பதைத் தாண்டிய பெண்களைத் தேடி இப்போது அது காப்சூலாகவும் வருகிறது. துணைக்கு அஸ்வகந்தா, சோயா, கால்சியம்.

மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்குவதால் திடீர் உடல் சூடு, இரவு வியர்வை, தூக்கமின்மை எல்லாம் வருகின்றன. மாத்திரைகள் தணிக்குமா? சதாவரிக்குச் சிறிய ஆய்வுகளே உண்டு. உடல் சூட்டுக்குச் சோயா முதலான சத்து மாத்திரைகளைச் சிபாரிசு செய்வதற்கில்லை என்று வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023-ல் கூறிவிட்டது. கால்சியம் எலும்புக்குத்தான்; 100 கிராம் கேழ்வரகிலேயே 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது.

‘மூலிகைதானே, கெடுதல் செய்யாது’ என்பதும் சரியல்ல. அஸ்வகந்தா சாப்பிட்ட சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதைக் கேரள டாக்டர்கள் பங்கேற்ற ஆய்வு ஒன்று 2023-ல் பதிவு செய்தது. ஏற்கனவே ஈரல் நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம்.

இதைவிடப் பெரிய ஆபத்து தாமதம். ரத்தப்போக்கு அளவு மீறினாலோ, மாதவிடாய் நின்று ஓராண்டு கழித்துத் திரும்ப வந்தாலோ, அது ‘வயசுக் கோளாறு’ அல்ல. கர்ப்பப்பைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். அப்போது போக வேண்டிய இடம் மருந்துக் கடை அல்ல, மகப்பேறு டாக்டரிடம்.