மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது

"மனவடு உடலில்தான் தங்குகிறது. மூச்சையும் அசைவையும் சீராக்கினால் போதும். பழைய கதையைக் கிளற வேண்டாம். மலேசியாவின் கேமரன் மலையின் குளிரும் தேயிலைப் பசுமையும் அதற்கேற்ற இடம்" என்று சிலர் வாதிடுகிறார்கள்.

முதல் வாக்கியத்தோடு எனக்குச் சண்டையில்லை. நெஞ்சடைக்கிறது, கைகால் எரிகிறது என்று உடலைக் கொண்டே துயரத்தைச் சொல்பவர்கள் நம் மக்கள். யாழ்ப்பாணத்தில் போருக்கு நடுவே பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், மூச்சுப் பயிற்சியையும் தசைத் தளர்வையும் மந்திர உச்சரிப்பையும் சிகிச்சையில் சேர்த்தவர். ஆனால் குடும்பமும் ஊரும் குலைந்ததையும் அவர் காயமாகவே பார்த்தார்.

கதையைக் கிளறாதே என்பதைத்தான் என்னால் ஏற்க முடியாது. 1942-43இல் மலாயாத் தோட்டத் தமிழர்களை ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில் பாதை போட இழுத்துச் சென்றார்கள். 415 கிலோமீட்டர். காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அந்தப் பாதையைப் பற்றி 1957இல் வந்த ஹாலிவுட் படம் போர்க்கைதிகளையே நாயகர்களாக்கியது. மீண்டு வந்த தோட்டத்துக்காரர்களிடம் யார் கேட்டார்கள்? கேட்கப்படாத அந்தக் கதையை மௌனமாகவே வைத்திருக்கச் சொல்வது எப்படி மருத்துவமாகும்?

கதை சொல்வதற்கும் முன்னால், மீட்சியின் முதல் படி பாதுகாப்பு என்று மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இலேயே எழுதிவிட்டார். வேலை போனால் வீடும் போகும் என்ற அச்சத்தில் வாழும் உடல், எந்தப் பயிற்சியில் தளரும்? இன்று கேமரன் மலைச் சரிவுகளில் வங்காளதேசத்தவரும் நேபாளியரும் உழைக்கிறார்கள். அவர்களுக்கு உறுதியான ஒப்பந்தமும் கூரையும் கொடுங்கள். தோட்டத்துக் குடும்பங்களின் நினைவுகளைப் பதிவு செய்யுங்கள். மூச்சுப் பயிற்சியையும் கூடவே, அவரவர் மொழியில், சொல்லிக்கொடுங்கள்.