கண்ணன் செய்தது துரோகமா?



'கௌரவம்' படத்தைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவாகத்தான் இருப்பார்கள். 1973-ல் வந்த படம். நாமெல்லாம் பிறக்கவே இல்லை. ஆனாலும் டி.வி.க்காரங்க விடுறதா இல்லை, திருப்பித் திருப்பிப் போட்டுக்கிட்டே இருக்காங்க. மறுநாள் டெஸ்ட் என்றாலும் ஹாஸ்டல் டி.வி. ஹாலில் அந்தக் கோர்ட் சீன் முடியாமல் ஒருத்தனும் எழுந்திருப்பதில்லை!

பார்க்காத அந்த ஒன்றிரண்டு பேருக்காகக் கதைச் சுருக்கம். பாரிஸ்டர் ரஜினிகாந்த் புகழ்பெற்ற கிரிமினல் வக்கீல். எதிர்பார்த்த நீதிபதி பதவி கிடைக்காத ஆத்திரத்தில், மனைவியைக் கொன்ற மோகன்தாஸை, கொலைகாரன் என்று தெரிந்தே வாதாடி விடுதலை வாங்கிக் கொடுக்கிறார். அதே மோகன்தாஸ் பிறகு இன்னொரு கொலை வழக்கில் மாட்டுகிறான். அரசுத் தரப்பில் வந்து நிற்பது யார்? பாரிஸ்டர் தூக்கி வளர்த்த தம்பி மகன் கண்ணன். இரண்டு பேருமே சிவாஜி.

படம் முடிந்ததும் ஹாலில் சண்டை ஆரம்பிக்கும். "சோறு போட்டு வளர்த்த பெரியப்பாவையே எதிர்க்கிறான், எட்டப்பன்டா இவன்" என்று ஒரு கோஷ்டி. (விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கத்துப் பையன்களுக்கு அந்தச் சொல் எப்படிச் சுருக்குனு குத்தும்னு வெளியூர்க்காரங்களுக்குப் புரியாது!) "நியாயம்தாண்டா பெருசு" என்று எதிர்க் கோஷ்டி. பாரிஸ்டர் செய்த தப்பு, குற்றவாளிக்காக வாதாடியது என்பதில் மட்டும் இரண்டு கோஷ்டியும் ஒற்றுமை. எனக்கு அதிலேதான் தகராறு.

கொலைகாரனுக்கும் ஒரு வக்கீல் வேண்டும். இந்திய பார் கவுன்சில் விதியே அப்படித்தான் சொல்கிறது: கட்சிக்காரன் குற்றம் செய்தானா என்பதில் தன் சொந்த அபிப்பிராயம் என்னவாக இருந்தாலும், நேர்மையான வழிகளில் வக்கீல் அவனுக்காக வாதாட வேண்டும். கோயம்புத்தூரில் சில போலீஸ்காரர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வக்கீல் சங்கம் தீர்மானம் போட்டது. அந்த மாதிரித் தீர்மானங்கள் செல்லாது என்று 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவ்வளவு தூரம் போவானேன்? நம்ம கயத்தாறைப் பாருங்கள். 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மனை நிறுத்தி விசாரித்தவர் மேஜர் பானர்மேன். குற்றம் சாட்டியதும் அவர், தீர்ப்புச் சொன்னதும் அவர். கட்டபொம்மனுக்காகப் பேச ஒரு வக்கீல் கிடையாது. அன்றைக்கே தூக்கு. வக்கீல் இல்லாத விசாரணை எப்படி இருக்கும் என்பதற்கு நமக்கு வேறு பாடம் வேண்டாம்.

அப்படியானால் பாரிஸ்டர் செய்த தப்பு என்ன? அவர் மோகன்தாஸுக்கு விசுவாசமாக இருக்கவில்லை, தன் கோபத்துக்குத்தான் விசுவாசமாக இருந்தார். பதவி கொடுக்காதவர்களுக்குப் பாடம் புகட்ட ஒரு கொலை வழக்கை ஆயுதமாக எடுத்தார். கட்சிக்காரன் அவருக்கு வெறும் சாக்கு.

கண்ணனுக்கும் கட்டுப்பாடு உண்டு. நிரபராதிக்குத் தண்டனை கிடைக்கும் விதத்தில் அரசு வக்கீல் வழக்கு நடத்தக் கூடாது, எதிரிக்குச் சாதகமான சாட்சியத்தை அமுக்கக் கூடாது என்பது அவனுக்கான விதி. ஜெயிப்பது மட்டுமே அவன் வேலை இல்லை. (இன்னொரு வேடிக்கை: பெரியப்பா ஆசைப்பட்டபடி நீதிபதி ஆகியிருந்தால், இன்றைய விதிப்படி கண்ணன் அவர் முன்னால் ஆஜராகவே முடியாது!)

நண்பர்களே, வக்கீல் தன் கட்சிக்காரனுக்கு இவ்வளவு விசுவாசமாக இருக்க எப்படி அனுமதிக்கிறார்கள்? எதிரே இன்னொரு வக்கீல் நிற்கிறார், மேலே நீதிபதி உட்கார்ந்திருக்கிறார். ஒருவர் மறைப்பதை இன்னொருவர் தோண்டி எடுக்கலாம். தப்பினாலும் அப்பீல் இருக்கிறது.

நம்ம தொழிலில் அந்த வசதி இல்லை. சிவில் படிக்கிறவர்களுக்கு இது நல்லாவே புரியும். கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அதனால்தான் இங்கே அஸ்திவாரத்தை ஆழமாகப் போடச் சொல்கிறார்கள், அண்டர்-ரீம்டு பைல் என்றெல்லாம் நம்மைப் படிக்க வைக்கிறார்கள். நாளைக்கு நமக்கு சைட்டில் வேலை வாங்கிக் கொடுக்கிற கான்ட்ராக்டர் சொந்தக்கார மாமாவாகவே இருக்கலாம். டிராயிங்கில் 2 மீட்டர், தோண்டியது 1.2 மீட்டர். "மாப்ளே, எம்.புக்ல 2-ன்னே எழுதிடு, நம்ம ஆளுதானே நீ" என்பார். செஞ்சோற்றுக் கடன் கண் முன்னால் வந்து நிற்கும். கர்ணனே அதற்காகத்தான் உயிரை விட்டான் என்று மனசு வக்காலத்து வாங்கும்.

அந்த இடத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் யார்? ஒருத்தரும் இல்லை. அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவர் மிளகாய் விற்ற காசைக் கொடுத்துவிட்டுத் தன் ஊரில் இருப்பார். மண்ணைத் தள்ளி மூடிவிட்டால் அப்பீலும் கிடையாது. பாரிஸ்டரின் விசுவாசத்தை நாம் கடன் வாங்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான். மாமாவுக்காக மற்ற எதையும் செய்யலாம். ராத்திரி பகல் பார்க்காமல் சைட்டில் கிடக்கலாம், சம்பளம் ஒரு மாசம் தள்ளிப் போனாலும் பொறுத்துக்கலாம். எம்.புக்கில் மட்டும் டேப் காட்டுகிற அளவைத்தான் எழுத முடியும். மாமா ரெண்டு நாள் பேசமாட்டார். அத்தை வேண்டுமானால் நாலு நாள் பேசமாட்டாங்க!

மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் நண்பர்கள் சிரிக்க வேண்டாம். பிரஷர் டெஸ்ட் ரிப்போர்ட்டிலும் எர்த்திங் ரிப்போர்ட்டிலும் கையெழுத்துப் போட ஒரு இடம் காலியாக விட்டிருப்பார்கள்.