பகிடியல்ல, வதை!

மாரிப்போக வேளாண்மை குடலை தள்ளும் காலம் வந்துவிட்டால் பழுகாமம், மண்டூர், வெல்லாவெளிப் பகுதி விவசாயிகளுக்கு இரவில் உறக்கம் கிடையாது. யானையும் பன்றியும் வட்டைக்குள் இறங்காதபடி பரண் கட்டி, தீ மூட்டி, விடியும்வரை விழித்திருப்பார்கள். மாதக்கணக்கான உழைப்பை ஓரிரவில் பறிகொடுக்க எவர்தான் சம்மதிப்பார்? ஆனால், தந்தை வயலிலே கண்விழித்திருக்கும் அதே வேளையில், வீட்டிலே அவருடைய பதினைந்து வயதுப் பிள்ளையும் கண்விழித்திருக்கிறது. போர்வைக்குள்ளே கைத்தொலைபேசியின் வெளிச்சம்! வயலுக்குக் காவல் உண்டு. பிள்ளைக்குக் காவல் உண்டா? இக்கேள்வியைப் பெற்றோர் முன்னும், ஆசிரியர் முன்னும், அரசாங்கத்தின் முன்னும் இன்று வைக்க விரும்புகிறோம்.

கைத்தொலைபேசி நம் வீடுகளுக்குள் களவாக நுழைந்த பொருளன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்கள் வட்ஸ்அப் வழியாகவும் சூம் வழியாகவும் வந்தன. நெல்லை விற்றும், நகையை அடகு வைத்தும் பெற்றோர் பிள்ளைகளுக்குத் தொலைபேசி வாங்கிக் கொடுத்தனர். மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்யும் தாய்மார் அங்கிருந்து அனுப்பிவைத்தனர். கல்விக்காகச் செய்த தியாகம் அது. அதை எவரும் குறைகூற முடியாது. பாடசாலைகள் மீண்டும் திறந்தன. தொலைபேசியோ பிள்ளையின் கையிலேயே நின்றுவிட்டது. தாய் கட்டாரில், பிள்ளை அம்மம்மாவின் பொறுப்பில். அந்தச் சிறு கண்ணாடிக்குள் நடப்பது யாதென்று அம்மம்மாவுக்கு எப்படித் தெரியும்?

அங்கே நடப்பது என்ன? வகுப்பு மாணாக்கர் கூடி ஒரு வட்ஸ்அப் குழு அமைக்கிறார்கள். அதிலே ஒருவனுடைய நிறத்தையோ, திக்கிப் பேசும் பேச்சையோ, தந்தையின் தொழிலையோ இழுத்து நகையாடுகிறார்கள். ஒரு மாணவியின் பெயரில் போலிக் கணக்குத் திறந்து, அவள் எழுதாததை எழுதுகிறார்கள். கோயில் திருவிழாவில் எடுத்த படத்தை எடுத்து, செயற்கை நுண்ணறிவுக் கருவியால் ஆபாசமாக மாற்றி ஊரெங்கும் பரப்பவும் இன்று ஒரு சிறுவனால் முடிகிறது. கேட்டால் ஒரே விடை: “சும்மா பகிடிக்குத்தான்!”

பகிடி என்ற இச்சொல் எத்தனை கொடுமைகளுக்குத் திரை போட்டிருக்கிறது என்பதை இலங்கைத் தமிழர் மறந்திருக்க முடியாது. 1997ஆம் ஆண்டில் பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் ஒருவர் மூத்த மாணவர்களின் பகிடிவதையால் உயிரிழந்தார். நாடு பதைத்தது. அடுத்த ஆண்டிலேயே, கல்வி நிலையங்களில் பகிடிவதையைக் குற்றமாக்கும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. அதுவரை பகிடி என்று சிரித்தவர்கள், ஓர் உயிர் போன பின்னரே அதை வதை என்று ஒப்புக்கொண்டார்கள். இணையத்தில் நடக்கும் வதைக்கும் அப்படியொரு பலி வேண்டுமென்று நாம் காத்திருப்பதா?

அன்றைய வதைக்கு ஓர் எல்லை இருந்தது. விடுதியை விட்டு வீட்டுக்கு வந்தால் மாணவனுக்குச் சற்று ஆறுதல் கிடைத்தது. இன்றைய வதை படுக்கை வரை பின்தொடர்கிறது. அன்று பத்துப்பேர் சிரித்தார்கள். இன்று எத்தனை பேர் பார்த்துச் சிரித்தார்கள் என்ற கணக்கே அப்பிள்ளையின் கண்முன் ஓடிக்கொண்டிருக்கிறது.

தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டு சேலம் மாவட்டத்து இளம்பெண் ஒருவரின் முகத்தை ஆபாசப் படத்துடன் ஒட்டிப் பேஸ்புக்கில் வெளியிட்டான் ஒரு பாதகன். குடும்பத்தார் பொலிசாரிடம் முறையிட்டனர். நடவடிக்கை தாமதித்தது. அப்பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மாவட்டப் பொலிஸ் தலைவர் பின்னர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். போன உயிரை மன்னிப்பு மீட்டுத் தருமா?

இத்தகைய துன்பத்தைப் பிள்ளைகள் ஏன் பெற்றோரிடம் சொல்வதில்லை? இதுவே நாம் முதலில் ஆராயவேண்டிய வினா. சொன்னால் தொலைபேசி பறிபோகும், அடி விழும், “நீ என்ன செய்தாய்?” என்ற குறுக்கு விசாரணை நடக்கும். பெண்பிள்ளையாயின் படிப்பே நின்றுவிடும். வதைத்தவன் வகுப்பில் இருப்பான். வதைபட்டவள் வீட்டில் இருப்பாள்! இந்த அநீதியை அறிந்திருப்பதால்தான் பிள்ளை வாய்திறப்பதில்லை. துன்புறுத்துபவனுக்குத் துணை நிற்பது அந்த மௌனமேயாகும். அந்த மௌனத்தை வளர்த்தவர்கள் நாமேயல்லாமல் வேறு யார்?

அளவு மீறிய இணையப் பழக்கத்துக்கும் பிள்ளையை மட்டும் பழிப்பது நியாயமன்று. ஒரு காணொளி முடியுமுன் மறு காணொளி தானே ஓடத் தொடங்குகிறது. பார்க்கும் நேரம் கூடக்கூட விளம்பர வருமானம் கூடுகிறது. இன்ஸ்ராகிராம் தங்கள் மனத்தாழ்வை மேலும் மோசமாக்குவதாக இளம்பெண்கள் பலர் கூறியமை அந்நிறுவனத்தின் சொந்த ஆய்விலேயே பதிவாகியிருந்தது. அது 2021இல் வெளியில் கசிந்தபின்னரே உலகம் அறிந்தது. கட்டுப்பாடிழந்து இணைய விளையாட்டில் மூழ்கும் நிலையை உலக சுகாதார நிறுவனமும் நோய்களின் வகைப்பாட்டில் சேர்த்துள்ளது. அவ்வகைப்பாடு 2022 முதல் நடைமுறைக்கு வந்தது. பலகோடி டொலர் முதலீட்டில் பின்னப்பட்ட வலையிலிருந்து பதினான்கு வயதுச் சிறுவன் தன் மனவுறுதியால் மட்டும் தப்பவேண்டுமென்பது எவ்வகை நீதி?

அரசாங்கம் என்ன செய்தது? 2024ஆம் ஆண்டு ஜனவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 108 வாக்குகளால் நிறைவேற்றப்பட்டது. 62 பேர் எதிர்த்தனர். சிறுவரையும் பெண்களையும் காக்கவே இச்சட்டம் என்றார்கள். ஆட்சியாளரைக் கண்டிப்போரின் வாயை அடைக்க இது பயன்படுமென்று பத்திரிகையாளரும் மனித உரிமையாளரும் அஞ்சினர். அவ்வச்சம் நியாயமானதே. வாயடைக்கும் வாசகங்களை நீக்கிவிட்டு, பிள்ளைகளுக்கு உண்மையான காவலை அரசாங்கம் தரட்டும். வெல்லாவெளித் தாயொருத்தி தன் தாய்மொழியிலேயே முறையிட்டு, தாய்மொழியிலேயே விடைபெற வழி வேண்டும். பட்டிருப்புக் கல்வி வலயத்தின் ஒவ்வொரு பாடசாலையிலும் பயிற்சி பெற்ற ஆலோசனை ஆசிரியர் வேண்டும். இவை சலுகைகளல்ல, உரிமைகள்.

அவுஸ்திரேலியாவில் பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் பொறுப்பு 2025 டிசம்பர் 10 முதல் நிறுவனங்களின் மீதே சுமத்தப்பட்டது. பிள்ளையைத் தண்டியாமல் நிறுவனத்தைப் பொறுப்பாளியாக்கும் அந்த நெறியை வரவேற்கிறோம். ஆயினும் கொழும்பில் சட்டம் வரும்வரை படுவான்கரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

பெற்றோர்களே! “என்ன நடந்தாலும் என்னிடம் சொல், உன்னை அடிக்க மாட்டேன், படிப்பை நிறுத்த மாட்டேன்” என்று இன்றிரவே உங்கள் பிள்ளைக்கு வாக்குக் கொடுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். இரவு ஒன்பது மணிக்குப்பின் வீட்டிலுள்ள தொலைபேசிகள் அனைத்தும், உங்களுடையதும் சேர்த்து, ஓரிடத்தில் இருக்கட்டும். அவதூறு வந்தால் அழிக்குமுன் சான்றாகப் பதிந்து வையுங்கள்; ஆபாசப் படமாயின் அதைப் பிறருக்கு அனுப்பாது, உடனே முறையிடுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 ஆகிய இலக்கங்களை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். உங்கள் பிள்ளையே வதைப்பவனாயிருந்தால், பகிடியென்று மூடி மறைக்காதீர்கள். அவனையும் திருத்தி மீட்க வேண்டியது உங்கள் கடமையே.

யானை மிதித்த வயலை அடுத்த போகத்தில் மீண்டும் விதைக்கலாம். பிள்ளைக்கு அடுத்த போகம் இல்லை. பரணில் கண்விழிக்கத் தெரிந்த மக்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா?