ஆழாக்கும் லிட்டரும்

சென்ற தமிழ்ப் புத்தாண்டன்று நம் இல்லத்தில் பாயசம் வைக்கப் போய்ப் பொங்கல் வைத்துவிட்டோம் என்றால் நேயர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் நடந்தது அதுதான்.

“பச்சரிசி ஓர் ஆழாக்கு, பால் ஒரு படி” என்பது நம் பாட்டியார் எழுதிவைத்த குறிப்பு. அவருடைய பித்தளை ஆழாக்கு நம்முடன் தில்லிக்கு வரவில்லை. ஆகவே அரிசியை 250 மில்லிலிட்டர் கோப்பையால் அளந்தோம். படி என்பது ஏறத்தாழ ஒன்றே கால் லிட்டருக்குச் சற்று அதிகம் என்று படித்த நினைவில் பாலை அவ்வாறே விட்டோம். பாட்டியார் கணக்கில் அரிசியைப்போல் எட்டு மடங்கு பால். நம் கணக்கிலோ ஐந்தரை மடங்குகூட இல்லை. அந்தக் கோப்பைக்கு இரண்டு லிட்டர் பால் விட்டிருக்க வேண்டும்.

இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. இவ்விகிதம் மாறாதது. படியின் கொள்ளளவோ ஊருக்கு ஊர் மாறியது. இத்தகைய வேற்றுமைகளைப் போக்கவே 1956-ஆம் ஆண்டில் எடை அளவைச் சட்டம் இயற்றப்பெற்று, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. கடைக்கு லிட்டர் வந்துவிட்டது. பாட்டிமார் குறிப்புக்கள் ஆழாக்கிலேயே நின்றுவிட்டன. கோப்பையும் ஒன்றல்ல: ஆஸ்திரேலியாவில் 250 மில்லி, அமெரிக்காவில் சுமார் 240, ஜப்பானிய அரிசிக் குக்கருடன் வருவது 180.

ஆகவே சகோதரிகளும் சகோதரர்களும் ஒன்று செய்யலாம். வீட்டுப் பாத்திரத்தைச் சமையல் தராசில் வைத்து, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொணர்ந்து, விளிம்புவரை தண்ணீர் நிரப்புங்கள். எத்தனை கிராமோ அத்தனை மில்லிலிட்டர். தராசு இல்லையேல் அரை லிட்டர் பால் பாக்கெட் போதும். மும்முறை நிரம்பினால் பாத்திரம் சுமார் 167 மில்லி. இரண்டரை முறையானால் 200.

இக்கணக்குத் தண்ணீருக்கே பொருந்தும். தில்லிப் பால்காரர் பாலைக் ‘கிலோ’ என்று சொன்னால் பெரும் வேற்றுமையில்லை. ஒரு லிட்டர் பால் சுமார் 1,030 கிராம். ஒரு லிட்டர் எண்ணெயோ 910 கிராம் அளவே நிற்கும்.

ஊரில் பரண்மேல் கிடக்கும் ஆழாக்கு, பழைய பித்தளையாக விலைக்குப் போகுமுன் அதை ஒருமுறை அளந்து வரச் சொல்லுங்கள். அந்த எண்ணைக் குறிப்பின் ஓரத்தில் எழுதிவையுங்கள். நாம் எழுதிவிட்டோம். அடுத்த புத்தாண்டுக்குப் பாயசம் பாயசமாகவே இருக்கும் என்று நம்புகிறோம்.